பசு தின்றதை நீங்கள் குடிக்கிறீர்கள்!

மகாபலிபுரம் போயிருக்கிறீர்களா? இதென்ன கேள்வி... குழந்தைகளுக்கு லீவு விட்டால் முதல் டூர் அங்கேதானே! கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை என்று எல்லாவற்றையும் பார்த்து, போட்டோவும் எடுத்திருப்பீர்கள். ஆனால், அர்ஜுனன் தபசுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ண மண்டபத்துக்குள் போய் இரண்டு நிமிஷம் நின்றிருக்கிறீர்களா?

அடுத்த முறை கட்டாயம் நில்லுங்கள். கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்திருக்க, ஆயர்களும் மாடுகளும் அதன் அடியில் ஒதுங்கி நிற்கும் காட்சி அது. அங்கே ஒரு மனிதர் மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் உட்கார்ந்து பால் கறந்து கொண்டிருப்பார். பசுவோ, தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக் கொடுத்துக் கொண்டிருக்கும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ நாட்டுச் சிற்பி செதுக்கியது.

கன்றை நக்கினால்தான் பசு பாலை இறக்கும் என்பது அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. கன்றைப் பார்த்ததும் பசுவின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, மடியிலிருக்கும் பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது என்று இன்றைக்கு விஞ்ஞானிகள் விளக்கம் சொல்கிறார்கள்.

சரி, கன்று பாலை இறக்க வைக்கும். பாலை உண்டாக்குவது யார்? மாட்டுத் தொட்டியில் இருக்கிற தீவனம்! பால் எவ்வளவு, எப்படிப்பட்டது, அதோடு சேர்ந்து வேறு என்ன வருகிறது... இதையெல்லாம் பெரும்பாலும் அந்தத் தொட்டிதான் முடிவு செய்கிறது. தினமும் பிள்ளைகளுக்கு டம்ளர் டம்ளராகப் பாலை ஆற்றிக் கொடுக்கும் நாம், அந்தத் தொட்டியை என்றைக்காவது எட்டிப் பார்த்திருக்கிறோமா?

வாசலில் ஒரு சண்டை

இந்தக் காட்சி செங்கல்பட்டிலோ, திருக்கழுக்குன்றத்திலோ, உங்கள் தெருவிலோகூட நடந்திருக்கும். ஐப்பசி மழை விட்ட ஒரு காலைப் பொழுது.

“என்னப்பா இது, பாலா... தண்ணியா? ரெண்டு வாரமா ஆடையே கட்டலை. தயிரும் உறையறதே இல்லை!”

“சாமி சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலைம்மா. மழையில வைக்கோல் போர் பூரா நனைஞ்சு போச்சு. இப்ப முளைச்ச இளம்புல்லும், ஓட்டல் கஞ்சியும்தான் போடறேன்...”

“எல்லாம் கதை! நாளையிலேர்ந்து பாக்கெட் பால் வாங்கிக்கறேன்.”

நீங்கள் யார் கட்சி? அம்மா கட்சிதானே! ஆனால் பால்காரர் சொல்வதிலும் உண்மை இருக்க வாய்ப்புண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமலேயே பால் நீர்த்துப் போகும். எப்படி என்று தெரிய வேண்டுமானால், பசுவின் வயிற்றுக்குள் போக வேண்டும்.

வயிறா... அண்டாவா?

பசுவின் வயிற்றில் நான்கு அறைகள். அதில் முதலாவது ரொம்பப் பெரியது. ஊறல் போட்ட அண்டா மாதிரி! அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். நாம் தின்றால் அப்படியே வெளியே போய்விடும் புல்லையும் வைக்கோலையும் அந்த நுண்ணுயிர்கள்தான் புளிக்க வைத்து, பசுவுக்குச் சத்தாக மாற்றித் தருகின்றன.

வைக்கோல், புல் போன்ற நார் உள்ள தீவனம் புளித்தால் அசிடிக் அமிலம் நிறைய கிடைக்கும். நம் வீட்டு வினிகரில் இருக்கிறதே, அதேதான்! பசுவின் மடி இந்த அசிடிக் அமிலத்திலிருந்துதான் பாலின் கொழுப்பில் பெரும் பங்கைத் தயாரிக்கிறது.

அரிசி, கஞ்சி, தானியம் போன்ற மாவுச்சத்து புளித்தால், புரோப்பியானிக் அமிலம் கூடுதலாகக் கிடைக்கும். இதிலிருந்து பசுவின் ஈரல் சர்க்கரை செய்து கொடுக்கும். அது மடிக்குப் போய்ப் பால் சர்க்கரையாக மாறும். பால் சர்க்கரை எவ்வளவோ, அதற்குத் தக்கபடி மடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதாவது பாலின் அளவு கூடும்.

ஆக, நார் தருவது கொழுப்பை; மாவு தருவது லிட்டர் கணக்கை. இரண்டும் அளவோடு இருந்தால் பால் அருமையாக இருக்கும். நார் குறைந்து மாவு ஏறினால், பால் நிறைய வரும், கொழுப்போ இறங்கிவிடும். இளம்புல்லில் நார் குறைவு. கஞ்சியில் அறவே இல்லை என்றே சொல்லலாம். பால்காரர் வீட்டு மாட்டுக்கு நேர்ந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்!

இன்னொரு ரகசியமும் இருக்கிறது. வைக்கோலை மாடு மணிக்கணக்கில் அசை போடுகிறதல்லவா? அப்போது ஊறும் உமிழ்நீர் கொஞ்ச நஞ்சமல்ல. பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் வரைகூட ஊறும். அதில் நம் சமையல் சோடா போன்ற உப்பு இருக்கிறது. வயிறு ரொம்பப் புளித்துப் போகாமல் காப்பது அதுதான். அசை போட நார் இல்லையென்றால் உமிழ்நீர் குறையும், வயிறு புளிக்கும், மாடு படுத்துவிடும்.

எது மாறும்? எது மாறாது?

“நல்ல தீவனம் போட்டால் பாலில் எல்லாச் சத்தும் ஏறிடுமா?” என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை!

பசும்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். மீதியில் கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள், வைட்டமின்கள்.

இதில் தீவனத்தால் அதிகமாக மாறுவது கொழுப்பு. புரதம் கொஞ்சம்தான் மாறும். மாடு அரைப் பட்டினி கிடந்தால் புரதம் சற்றுக் குறையும். வயிறார நல்ல தீவனம் தின்றால் சற்று ஏறும். பால் சர்க்கரை கிட்டத்தட்ட மாறவே மாறாது.

கால்சியம்? இங்கேதான் தாய்மையைப் பார்க்க வேண்டும். தீவனத்தில் கால்சியம் குறைந்தாலும் பாலில் குறையாது. பசு தன் எலும்பைக் கரைத்துப் பாலில் சேர்த்துவிடும்! அதன் விளைவு மாட்டின் உடம்பில் தெரியும். கன்று போட்ட ஓரிரு நாளில் ரத்தத்தில் கால்சியம் சடாரென்று இறங்கி, எழுந்திருக்க முடியாமல் சுருண்டு படுத்துவிடுகிறதே, அந்தப் ‘பால் காய்ச்சலும்’ கால்சியம் பற்றாக்குறையால் வருவதுதான்.

வைட்டமின் ‘ஏ’ நிச்சயம் மாறும். பச்சைத் தீவனத்தில் இருக்கும் கரோட்டின்தான் பசும்பாலுக்கும் வெண்ணெய்க்கும் அந்த லேசான மஞ்சள் நிறத்தைத் தருகிறது. வெறும் வைக்கோல் தின்னும் பசுவின் பால் வெளுத்துப் போகும். எருமைப்பால் எப்போதும் வெள்ளையாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். எருமை, கரோட்டினை வைட்டமின் ‘ஏ’வாக மாற்றியே பாலில் அனுப்பிவிடுகிறது. அதனால்தான் மஞ்சள் தெரிவதில்லை.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். ஒரு லிட்டர் பால் சுரக்க, பசு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் மாட்டுக்கு நேரா நேரம் தண்ணி காட்டவில்லை என்றால், எவ்வளவு புண்ணாக்கு போட்டாலும் பால் ஏறாது.

நம்ம ஊர் மாடு என்ன சாப்பிடுது?

செங்கல்பட்டு மாவட்டம் ஏரிப் பாசன பூமி. மதுராந்தகம் ஏரி மாதிரி சின்னதும் பெரியதுமாக எத்தனையோ ஏரிகள். நெல் விளைகிறது, அதனால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. மாட்டுக்கும் அதுதான் தினசரி சாப்பாடு. நமக்கு வெறும் சோறு மாதிரி!

வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். அதிலிருக்கும் ஆக்ஸலேட் என்ற பொருள், மாட்டுக்குக் கிடைக்க வேண்டிய கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வைக்கோலை மட்டும் நம்பினால், மாடு இளைக்கும். பால் அரைப்படி, கால்படி என்று இறங்கும். சினை பிடிப்பதும் தள்ளிப் போகும்.

அப்படியானால் என்ன போடலாம்? பத்து லிட்டர் கறக்கும் கலப்பின ஜெர்சிப் பசுவுக்குச் சுமாராக ஒரு கணக்கு சொல்லலாம். பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ. வைக்கோல் நான்கைந்து கிலோ. அடர்தீவனம் எனப்படும் தவிடு, புண்ணாக்கு, தானியக் கலவை... உடம்பைக் காப்பாற்ற ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 400 கிராம். கூடவே தாது உப்புக் கலவை. பசுந்தீவனம் தாராளமாகக் கிடைத்தால் அடர்தீவனத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

பசுந்தீவனத்துக்கு எங்கே போவது? கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர் புல்லை ஒரு தடவை நட்டால் போதும். திரும்பத் திரும்ப அறுத்துக்கொண்டே இருக்கலாம். வரப்பு ஓரத்தில் வேலிமசால், அகத்தி வைத்தால் புரதத்துக்குக் கவலையில்லை.

இதையெல்லாம் கற்றுத்தர ஆள் இல்லையே என்று சொல்ல முடியாது. 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும், வேளாண் அறிவியல் நிலையமும் செங்கல்பட்டு போகிற வழியில் காட்டுப்பாக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் பால்காரருக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்களேன்!

பொங்கல் கொடுக்கிறேன் பேர்வழி...

மாட்டுப் பொங்கலன்று பாசம் பொங்கி, பானைப் பொங்கலையும் மாட்டுக்கே ஊட்டிவிடுகிறோம். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றைத் தொட்டியில் கொட்டி, “வாயில்லா ஜீவன், சாப்பிடட்டும்” என்கிறோம்.

வேண்டாம்! சோறும் பொங்கலும் வயிற்றுக்குள் போய் வேகமாகப் புளிக்கும். நார் இல்லாத மாவுச்சத்து மொத்தமாக இறங்கினால், முதல் வயிற்றில் அமிலம் ஏறி, அங்கிருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். மாடு தீவனம் எடுக்காது, அசை போடாது, கழிச்சல் காணும். சமயத்தில் உயிரே போய்விடும். பொங்கலுக்கு ஒரு வாழை இலையில் கைப்பிடி வைத்து ஊட்டுங்கள், போதும். பாசத்தையும் அளவோடுதான் காட்ட வேண்டியிருக்கிறது!

நாம் பயப்படுவது ஒன்று... நடப்பது ஒன்று!

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

பால் கலப்படம் என்றதும் நமக்கு என்னவெல்லாம் ஞாபகம் வருகிறது? யூரியா, சோப்புத்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு... பயந்து போய்விடுகிறோம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சேகரித்துச் சோதித்தது. அறிக்கை 2019 அக்டோபரில் வெளியானது. உயிருக்கு உலை வைக்கும் அந்த மாதிரிக் கலப்படம் எத்தனை மாதிரிகளில் இருந்தது தெரியுமா?

வெறும் 12!

“அப்பாடா!” என்று பெருமூச்சு விடாதீர்கள். அதே சோதனையில், 368 மாதிரிகளில் ‘அஃப்ளாடாக்ஸின் எம்-1’ என்ற நச்சு, அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தது. அதில் நம்ம தமிழ்நாடுதான் முன்னணி. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் இருந்தது. கிட்டத்தட்ட ஆறுக்கு ஒன்று!

இதை யாரும் பாலில் கொண்டுவந்து கலக்கவில்லை. பசு தின்ற தீவனத்தின் வழியாகத்தான் பாலுக்குள் வந்தது.

புண்ணாக்கில் பூத்த பூஞ்சை

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீர் திடீரென்று செத்து விழுந்தன. என்ன வியாதி என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தார்கள்... அவற்றுக்குப் போட்ட கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பூஞ்சையின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். அது கக்கும் விஷத்துக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள்.

நம் நாட்டிலும் இது விளையாடியிருக்கிறது. 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, ஈரல் கெட்டு நூறு பேருக்கு மேல் இறந்து போனார்கள்.

அது நேரடியாகத் தின்றதால் வந்த வினை. பாலில் வருவது அதைவிட ரொம்ப ரொம்பக் குறைவான அளவு. பயந்து பாலையே நிறுத்திவிடாதீர்கள்! ஆனாலும், இது ஈரலைப் பாதிக்கக்கூடியது. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதை வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம். அரை மைக்ரோகிராம் என்றால், ஒரு கிராமை இருபது லட்சம் பங்கு போட்டு அதில் ஒரு பங்கு! குழந்தைகள், தங்கள் எடைக்கு நம்மைவிட அதிகமாகப் பால் குடிக்கிறவர்கள். நம் கவலையெல்லாம் அவர்களைப் பற்றித்தான்.

இது பாலுக்கு வருவது எப்படி? பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம்... இவற்றில் இருப்பது ‘பி-1’ நச்சு. பசுவின் ஈரல் அதை ‘எம்-1’ ஆக மாற்றி, ஒரு பகுதியைப் பாலில் அனுப்பிவிடும். இன்று தின்றால் நாளைய பாலில் வந்துவிடும், அவ்வளவு வேகம்!

கடலோரத்தில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கமெல்லாம் காற்றிலேயே ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், வீட்டில் வைத்த அப்பளமே நமுத்துப் போகிறது. மாட்டுக் கொட்டகை மூலையில், வெறும் தரையில் சாக்கோடு கிடக்கும் புண்ணாக்கு என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

“நாங்க நல்லா காய்ச்சித்தான் குடிக்கிறோம்!” என்பீர்கள். காய்ச்சினால் கிருமிகள் சாகும். இந்த நச்சு சாகாது. தயிராக்கினாலும் போகாது. பனீரில் இன்னும் சேர்ந்து கொள்ளும். “நாங்க பாக்கெட் பால்தான்!” என்றால் அதுவும் தப்பில்லை என்று சொல்வதற்கில்லை. அந்தச் சோதனையில், கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது அதிகம் தென்பட்டது.

பாக்கெட் பாலைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் கொழுப்பு பசுவைப் பொறுத்தது அல்ல. பால் பண்ணையில் கூட்டிக் குறைத்து அளவாக வைக்கிறார்கள். டோன்டு பாலில் 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5 சதவீதம், ஃபுல் கிரீமில் 6 சதவீதம். பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கும். கொழுப்பை இப்படி இயந்திரத்தில் சரிக்கட்டிவிடலாம். புண்ணாக்கு வழியாக வந்த நச்சை அப்படிச் சரிக்கட்ட முடியாது. அதை மாட்டுத் தொட்டியிலேயே தடுத்தால்தான் உண்டு.

தடுப்பது கஷ்டமா? இல்லவே இல்லை என்பதுதான் நல்ல செய்தி! கெட்டுப்போன தீவனத்தை நிறுத்திவிட்டால், மூன்று நான்கு நாளில் பாலில் அந்த நச்சு அநேகமாக மறைந்துவிடும். மாட்டை மாற்ற வேண்டாம். தீவனத்தை மாற்றினால் போதும்.

புண்ணாக்கை மாதக்கணக்குக்கு வாங்கி அடுக்காமல், பத்துப் பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்க வேண்டும். மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்து, மக்கல் வாடை அடித்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். வெயிலில் காய வைத்தால் புதிதாகப் பூஞ்சை வராது. ஏற்கெனவே ஊறிப்போன நச்சு போகாது. தண்ணீரில் ஊறப்போட்டாலும் போகாது. சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பார்க்கவும் வழியிருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்தில் இதற்கென்றே ஆய்வுக்கூடம் உண்டு.

“விலை கொடுத்து வாங்கின புண்ணாக்கை யாரும்மா கொட்டுவாங்க?” என்று பால்காரர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். அதற்கான பதில் நம் கையிலும் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

கடற்கரையில் ஒரு பை...

2019 அக்டோபர் மாதம் இன்னும் இரண்டு விஷயங்கள் நடந்தன. சீன அதிபர் ஜி ஜின்பிங் மாமல்லபுரம் வந்திருந்த சமயம், 12-ம் தேதி காலையில் பிரதமர் மோடி அந்தக் கடற்கரையில் நடந்துகொண்டே பிளாஸ்டிக் குப்பை பொறுக்கிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதே மாதம், சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பசுவுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆபரேஷன். வயிற்றிலிருந்து டாக்டர்கள் எடுத்தது என்ன தெரியுமா? 52 கிலோ பிளாஸ்டிக்!

52 கிலோ... ஒரு வளர்ந்த பெண்மணியின் எடை!

மாமல்லபுரத்துக்குப் பிக்னிக் போகிறோம். மிஞ்சிய எலுமிச்சை சாதத்தை பிளாஸ்டிக் பையோடு முடிச்சுப் போட்டு ஓரமாக வீசிவிட்டு வருகிறோம். பசுவுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியுமா? சோற்று வாசனைக்குப் பையோடு விழுங்கிவிடும். பிளாஸ்டிக் செரிக்காது, முதல் வயிற்றிலேயே தங்கிப் பந்தாகச் சுருண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். மாடு தீவனம் தின்ன இடமில்லை. பால் எங்கிருந்து வரும்?

அமாவாசைக்குக் கோயில் வாசலில் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது நல்ல பழக்கம்தான். அகத்தியில் புரதம் நிறைய. ஆனால் கட்டின ரப்பர் பேண்டையோ, பிளாஸ்டிக் கயிற்றையோ கழற்றிவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் புண்ணியம் ஒரு கையில், பாவம் மறுகையில்!

நீங்கள் என்ன செய்யலாம்?

‘நாங்க மாடா வளர்க்கிறோம்? எங்களுக்கென்ன?’ என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

1. கறந்த பால் வாங்குபவரா? ஒரு நாள் குழந்தைகளோடு மாட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். தொட்டியில் என்ன இருக்கிறது, புண்ணாக்கு எங்கே இருக்கிறது, தண்ணீர் சுத்தமா, பசுந்தீவனம் உண்டா என்று கவனியுங்கள். அதிகாரி மாதிரி போகாமல், சொந்தக்காரர் மாதிரி போங்கள்!

2. பால் திடீரென்று நீர்த்துப் போனால், எடுத்த எடுப்பில் “தண்ணி கலந்தியா?” என்று பாயாதீர்கள். “மாட்டுக்கு என்னப்பா போடறே? வைக்கோல் இருக்கா?” என்று கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் பால் சொசைட்டியில் கொழுப்பையும் இதர சத்துகளையும் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். வெறும் பால்மானியை மட்டும் நம்பாதீர்கள். கொழுப்பை எடுத்தால் அதன் டிகிரி ஏறும், தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் செய்தால் பால்மானியே ஏமாந்துவிடும்!

3. லிட்டருக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார் என்று ஆளை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். பேரம் பேசிக் குறைத்த அந்த இரண்டு ரூபாய், கடைசியில் மாட்டுத் தொட்டியில்தான் குறையும். மலிவான, கெட்டுப்போன புண்ணாக்காகத் திரும்பி வரும். நல்ல தீவனம் போடுகிறவருக்குக் கூட இரண்டு ரூபாய் கொடுப்பது நஷ்டமில்லை. பிள்ளைகளுக்கு வாங்கும் மருந்தைவிட மலிவுதான்!

4. காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு இவற்றைத் தனியாக வைத்து மாட்டுக்குக் கொடுங்கள். அன்றன்றைக்கு உள்ளதாக இருக்கட்டும். பூசணம் பிடித்த ரொட்டி, ஊசிப்போன சாம்பார் சாதம், பூஞ்சை பிடித்த வேர்க்கடலை... ‘நமக்குத்தான் ஆகாது, மாட்டுக்கு ஆகும்’ என்று கொட்டாதீர்கள். நமக்கு ஆகாதது மாட்டுக்கும் ஆகாது; பால் வழியாக நமக்கே திரும்பி வரும்.

5. சோறு, கஞ்சியைக் கழுநீர்த் தொட்டியில் அளவில்லாமல் கொட்ட வேண்டாம். அரிசி களைந்த தண்ணீர் தாராளமாகக் கொடுக்கலாம்.

6. கடற்கரைக்குப் போனால் பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

7. பாலை நிறுத்த வேண்டாம். காய்ச்சிக் குடிப்பதையும் விட வேண்டாம். காய்ச்சுவதால் அஃப்ளாடாக்ஸின் போகாது என்றாலும், மற்ற நோய்க் கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பாற்றுவது அதுதான்.

மறுபடியும் அந்தச் சிற்பத்துக்கே வருகிறேன். பசு நக்கிக் கொடுப்பது தன் கன்றைத்தான். ஆனால், அது இறக்கும் பாலைக் குடித்து வளர்வது நம் வீட்டுக் குழந்தைகளும்தானே? கன்றுக்குச் சேர வேண்டியதில் பங்கு கேட்கிற நாம், அந்தத் தாயின் தொட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவாவது வேண்டாமா?

நாளைக் காலையில் பால்காரர் மணி அடித்ததும் பாத்திரத்தை மட்டும் நீட்டாமல், “மாடு நல்லா இருக்காப்பா? என்ன சாப்பிடுது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாசலில் ஒரு சண்டை குறையும். உங்கள் வீட்டுப் பாலும் நன்றாக இருக்கும்!